வீட்டுக்கு வரும் பாதிக் கணக்கு

2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கழித்தல் கணக்கு நாடு முழுவதும் பேசுபொருளானது. ஜாக் என்ற சிறுவன் 427இலிருந்து 316ஐக் கழிப்பதற்காக எண்கோட்டில் பின்னோக்கித் தாவிச் சென்றிருக்கிறான், விடை தப்பாகிவிட்டது. அவன் எதைச் சரியாகச் செய்தான், எங்கே பிசகினான் என்று கண்டறிந்து அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வீட்டுப்பாடமே அதுதான். மின்னணுப் பொறியியல் படித்த ஒரு தந்தை அந்தத் தாளிலேயே ஜாக்குக்குத் தம் கடிதத்தை எழுதினார். வகைக்கெழுச் சமன்பாடுகள்வரை படித்த தமக்கே இந்த முறை விளங்கவில்லை, 111 என்ற விடை ஐந்து நொடிக்குள் வந்துவிடுகிறது, வேலைக்குப் போன இடத்தில் இப்படிச் சுற்றி வளைத்தால் வேலையே போய்விடும் என்பது அதன் சாரம். எண்ணற்ற பெற்றோர் அதைத் தங்கள் குரலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை. பலர் புதிய கணித முறையைப் பழித்தார்கள். வேறு சிலர் பெற்றோரின் அறியாமையைப் பழித்தார்கள். வகுப்பறையில் ஆசிரியரும் பிள்ளைகளும் நடத்திய ஒரு பேச்சின் பாதி மட்டும் தாளில் ஏறி வீட்டுக்கு வருகிறது, மறுபாதி பள்ளியிலேயே நின்றுவிடுகிறது. திகைப்பு பிறப்பது அந்த இடைவெளியில்தான் என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலான சான்றுகள் பல நாடுகளில் கிடக்கின்றன.

முதலில் ஜாக்கின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவன் நூறுகளைக் கழித்தான், ஒன்றுகளைக் கழித்தான், நடுவில் நின்ற ஒரு பத்தை விட்டுவிட்டான். 316 என்பது மூன்று நூறு, ஒரு பத்து, ஆறு ஒன்று என்ற இட மதிப்பு மனத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதே கேள்வியின் நோக்கம். தானே கழிக்கத் தெரிந்தவரைவிடப் பிறர் கழித்ததில் பிழை காணத் தெரிந்தவருக்கு ஆழமான புரிதல் வேண்டும். அந்த வகையில் இது மோசமான கேள்வி அல்ல. எண்கோட்டில் பழகிய பிள்ளைக்குத் தாவல்களை எண்ணிப் பார்த்தாலே விட்டுப்போன பத்து தெரிந்துவிடும். எண்கோட்டையே முதன்முறையாகப் பார்க்கும் தந்தைக்கு அது கழித்தலாகவே தெரியாது. அவர் கண்ணில் படுவதெல்லாம் 427, 316 என்ற இரண்டு எண்கள்தான். அவற்றுக்கு அவர் தந்த விடையும் சரி. பிழை காணச் சொல்வது எதற்காக என்று தாளில் எங்கும் இல்லை. இன்னொன்றும் அவரிடம் சொல்லப்படவில்லை. இத்தகைய கணக்குகளுக்குப் பின்னணியாக இருந்தவை 2010இல் வெளியாகி நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத் தரங்கள்; அவை பழைய முறையைக் கைவிடவில்லை. வழக்கமான கூட்டல் கழித்தல் முறையை நான்காம் வகுப்பிலும், பெருக்கலை ஐந்தாம் வகுப்பிலும், வகுத்தலை ஆறாம் வகுப்பிலும் மாணவர் சரளமாகச் செய்ய வேண்டும் என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. எண்கோடு அதற்கு முந்தைய படி. இந்த ஒரு செய்தி இரண்டு வரியில் வீட்டுக்கு வந்திருந்தால் பாதிக் கோபம் எழுந்திருக்காது.

பெற்றோர் காக்க நினைக்கும் பழைய முறையும் ஒரு காலத்தில் பெற்றோரைத் திகைக்க வைத்த புதிய முறைதான். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அறிவியலில் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பெகில் தலைமையில் பள்ளிக் கணிதத்துக்கான ஆய்வுக் குழு ஒன்று அமைந்து பாடநூல்களை எழுதத் தொடங்கியது. கணங்களும், எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையும், பரிமாற்றுப் பண்பும் சிறுவர்களின் நோட்டுக்குள் நுழைந்தன. பெற்றோருக்கென்று தனிப் புத்தகங்களும் மாலை வகுப்புகளும் தேவைப்பட்டன. ஹார்வர்டில் கணிதம் படித்த பாடகர் டாம் லேரர் 1965இல் இந்தப் புதுக் கணிதத்தைப் பற்றி ஒரு நையாண்டிப் பாட்டே பாடினார். 342இலிருந்து 173ஐக் கழிக்கும் அந்தப் பாட்டில் அவர் கிண்டல் செய்யும் முறை எது என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். பத்தாம் இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, பத்து ஒன்றுகளாக மாற்றி, பிறகு கழிப்பது. நம் பள்ளிகளில் கடன் வாங்கிக் கழித்தல் என்று சொல்லித்தரும் அதே வழி. 1965இல் பெற்றோருக்கு விளங்காத புதுமையாக மேடையில் சிரிப்பூட்டியதை, 2014இல் பெற்றோர் தாத்தா காலத்து நேர்வழி என்று தூக்கிப் பிடித்தார்கள்.

அந்த வழி நிலைபெற்ற விதமும் இந்த வாதத்துக்கு உதவுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பள்ளிகளில் கழித்தலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் புழங்கின. கடன் வாங்குவது ஒன்று. மேலெண்ணிலும் கீழெண்ணிலும் சமமாகப் பத்தைக் கூட்டிக்கொண்டு கழிப்பது இன்னொன்று. வில்லியம் பிரௌனெலும் ஹரால்ட் மோசரும் 1949இல் வெளியிட்ட ஆய்வு இவற்றை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்பிட்டது. காரணத்தை விளக்கிச் சொல்லித்தந்தபோது கடன் வாங்கும் முறை மேலாக நின்றது. காரணம் சொல்லாமல் இயந்திரமாகப் பழக்கியபோது அந்த மேன்மை காணாமல் போனது. எந்த முறை நல்லது என்ற கேள்விக்கு, அது எப்படி விளக்கப்பட்டது என்பதைச் சேர்க்காமல் பதில் சொல்ல முடியாது என்பதே அந்த ஆய்வு தரும் பாடம். வகுப்பில் விளக்கம் கேட்ட பிள்ளைக்கும் அதைக் கேட்காத தாய்க்கும் ஒரே முறை இரு வேறு பொருளாகத் தெரிவதும் இதனால்தான்.

எல்லாத் திகைப்பும் ஒரே வகை அல்ல. 2015இல் இன்னொரு தாள் இதேபோலப் பரவியது. 5×3ஐத் தொடர் கூட்டலாக எழுதச் சொன்ன கேள்விக்கு மாணவர் 5+5+5 என்று எழுதினார். 3+3+3+3+3 என்று எழுதவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டது. மேற்சொன்ன தரங்கள் 5×7 என்பதை ஏழு ஏழாக ஐந்து குழுக்கள் என்று விளக்குவது உண்மை. ஆனால் அதே தரங்கள் அதே மூன்றாம் வகுப்பில், எண்களின் இடத்தை மாற்றினாலும் பெருக்கற்பலன் மாறாது என்பதையும் பிள்ளைகள் பயன்படுத்த வேண்டும் என்கின்றன. ஜப்பானில் இந்த வழக்கு இன்னும் பழையது. 1972இல் ஒசாகா மாநிலத்தில், ஆறு பேருக்குத் தலா நான்கு பழம் என்ற கணக்குக்கு 6×4 என்று எழுதியது தவறாகத் திருத்தப்பட்டு, பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தது நாளிதழ்ச் செய்தியானது. அங்கே ஒருவருக்கு எத்தனை என்பதை முதலில் எழுதுவதுதான் பள்ளி வழக்கம், ஆகவே 4×6 வேண்டும். அமெரிக்க வழக்கப்படி அதே கணக்கு 6×4! கணிதம் இரு நாடுகளிலும் ஒன்றே. மாறியது எழுதும் மரபு. மரபு வகுப்பில் பேச உதவும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். மரபைக் கணிதத்தின் சட்டம்போலச் சிவப்பு மையால் திருத்தி அனுப்பும்போது பள்ளி தவறு செய்கிறது. அந்த இடத்தில் பெற்றோரின் பக்கமே நியாயம் இருக்கிறது. அமெரிக்கப் புதுக் கணிதப் பாடநூல்களைக் கலிபோர்னியா மாநிலத்துக்காகப் பரிசீலித்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், 1965இல் எழுதிய கட்டுரையில் விடையை எந்த வழியிலும் தேடும் சுதந்திரமே பிள்ளைக்கு முக்கியம் என்று வாதிட்டார். அந்த வாதத்துக்கு இன்றும் வலு குறையவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும்: வழி எதற்கு, விடை வந்தால் போதாதா? நாங்கள் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து முன்னேறவில்லையா? இதைத் தள்ளிவிட முடியாது; வாய்ப்பாடு தெரியாத பிள்ளை மேல் வகுப்பில் திணறும். ஆனால் விடை மட்டும் போதும் என்ற பயிற்சியின் விளைவு நன்கு பதிவாகியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம், ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம், 1,128 படைவீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்டார்கள். சுமார் 70 விழுக்காட்டினர் சரியாக வகுத்தார்கள். 32 என்று சரியான விடை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர்தான். 29 விழுக்காட்டினர் 31 பேருந்து, மீதி 12 என்று எழுதினார்கள். பிரான்ஸில் கிரனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி நிறுவனத்தின் குழு 1980 வாக்கில் இதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்து பார்த்தது. கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவருக்கு வயது என்ன? 97 சிறுவர்களில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதே கேள்வி 2018இல் சீனாவின் ஒரு மாவட்டத் தேர்வில் வந்து பெற்றோரைக் குழப்பியது. மாணவரின் விமர்சனப் பார்வையையும் தானே சிந்திக்கும் திறனையும் சோதிக்கவே அப்படிக் கேட்டோம் என்று கல்வித் துறை விளக்கியது. பொருளைப் பார்க்காமல் எண்களைக் கூட்டும் பழக்கத்தை உடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விளக்கம் சண்டைக்குப் பிறகு வந்ததுதான் குறை.

பெற்றோரின் கணக்கறிவு மட்டமானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை டெரெசின்யா நூனெஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடு. ஆராயப்பட்டவர்கள் ஐந்தே பேர் என்பதால் இதை எல்லை மீறி நீட்டக் கூடாது. ஆனாலும் பத்தின் மடங்குகளாகக் கூட்டிக் கூட்டிச் சென்ற அந்தச் சிறுவர்களின் வழி, இன்று பள்ளிகள் எண்கோட்டில் கற்பிக்க முயலும் வழிக்கு மிக நெருக்கமானது. மளிகைக் கடையில் 63 ரூபாய்க்கு நூறைக் கொடுத்தால், கடைக்காரர் 63ஐ 70ஆக்கி, பிறகு நூறாக்கி, 37ஐ எண்ணித் தருகிறார். ஜாக்கின் எண்கோட்டிலும் எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்து நகரும் அதே வேலைதான் நடக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் இது கைவந்த கலை. தாளில் இருப்பதும் அதுதான் என்று ஒருவர் சொல்லாதவரை அது அந்நியமாகவே கிடக்கிறது.

பெற்றோர் இப்படித் திகைத்தபடியே உதவ முனைந்தால் என்ன ஆகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. எரிகா பட்டாலும் ஹாரிஸ் கூப்பரும் இன்னொருவரும் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வாசிப்பு சார்ந்த வீட்டுப்பாடத்தில் பெற்றோர் ஈடுபாடு நல்ல விளைவோடு சேர்ந்து வந்தது. கணக்கில் மட்டும் ஈடுபாடு கூடக் கூட அடைவு குறைவாகக் காணப்பட்டது. தடுமாறும் பிள்ளைக்குத்தானே பெற்றோர் அதிகம் உதவுவார்கள், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடலாமா என்று கேட்டால், கேள்வி சரியானதே. அதற்கு ஓரளவு பதில் எரின் மலோனியும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் படிக்கும் 438 பிள்ளைகளை ஓராண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர்கள் சோதித்தார்கள். கணக்கென்றாலே பதறும் பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், ஆண்டின் இறுதியில் அவர்களிடமும் கணக்கின்மேல் பயம் கூடியிருந்தது. ஆனால் அந்தப் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியிருந்தால் மட்டுமே இந்த விளைவு தோன்றியது. உதவாமல் விட்ட வீடுகளில் பெற்றோரின் பயம் பிள்ளைக்குத் தொற்றவில்லை. பிள்ளைமேல் அக்கறை கொண்டு அருகில் உட்காரும் தாய், அந்த அக்கறையாலேயே தன் பயத்தையும் ஊட்டிவிடுகிறாள் என்பது மனத்தை வருத்தும் முடிவு. அவளை அந்த நிலைக்குத் தள்ளுவது, பிள்ளையால் தனியே போட முடியாத கணக்கை வீட்டுக்கு அனுப்பிய ஏற்பாடு.

சிங்கப்பூரைக் காட்டி இதை மறுப்பார்கள். அங்கே கணக்குகள் கடினம், பெற்றோர் இரவெல்லாம் மல்லுக்கு நிற்கிறார்கள், பிள்ளைகளோ உலக முதலிடம். 2022 பீசா பன்னாட்டுத் தேர்விலும் அதுவே நடந்தது. சிங்கப்பூர் வழியின் உயிர் 1980களின் தொடக்கத்தில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கிய பட்டை வரைபட முறை. தெரியாத அளவைச் செவ்வகப் பட்டையாக வரைந்து ஒப்பிடுவது. 2021 தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பெற்றோரைக் கொதிக்க வைத்த ஹெலன், ஐவன் நாணயக் கணக்கை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இருவரிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் 20 காசு நாணயம் 64, ஐவனிடம் 104. மற்றவை 50 காசு. ஹெலனின் நாணயங்களின் நிறை 1.134 கிலோ. யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? 50 காசு நாணயம் ஒவ்வொன்றும் 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கூடுதல் நிறை என்றால் ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ? இயற்கணிதம் படித்த தந்தை உடனே 50 காசு நாணயங்களின் எண்ணிக்கையை x என்று வைத்துத் தேடுவார், கிடைக்காமல் சலித்துப்போவார். அது தேவையே இல்லை. ஐவனிடம் 20 காசு நாணயம் 40 அதிகம் என்றால் 50 காசு நாணயம் 40 குறைவு. ஒவ்வொரு மாற்றத்திலும் 30 காசு வித்தியாசம், ஆக ஹெலனிடம் 12 வெள்ளி (டாலர்) அதிகம். 40 முறை 2.7 கிராம் என்பது 108 கிராம். ஐவனின் நிறை 1.026 கிலோ. வித்தியாசத்தை மட்டும் பார் என்று பழகிய பிள்ளைக்கு இது அழகான கணக்கு. அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் இதே வினாத்தாள் பயிற்சிக்கென்று வந்து இறங்கும்போது கண்ணீரில்தான் முடியும். சிங்கப்பூரில் பல பள்ளிகள் இந்த முறையைப் பெற்றோருக்கென்றே வகுப்பு வைத்துச் சொல்லித்தருகின்றன. வெற்றியைப் பேசுவோர் இதை ஏனோ சொல்வதில்லை. சொல்லாமல் விடும் இன்னொன்று பணம். அந்நாட்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி டியூஷனுக்கான செலவு 2017/18இல் ஏறத்தாழ 140 கோடி சிங்கப்பூர் வெள்ளி, 2023இல் 180 கோடி. பள்ளியில் நின்றுவிட்ட மறுபாதியை வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சுமை வேறு கோணத்திலும் விழுகிறது. தமிழ்வழியில் படித்த பெற்றோர், ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளையின் பாடநூலைத் திறந்தால் கணக்குக்கு முன்பே வாக்கியம் தடுக்கிறது. பள்ளிக்கே போகாத பெற்றோருக்கு அந்தத் தாள் முழுவதும் மூடிய கதவு. வீட்டுப்பாடத்தின் அளவைப் பற்றி இங்கே நிறையவே பேசிவிட்டோம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று ஆணையிட்டார். 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு 2 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் அந்த 2 மணி நேரத்தில் பிள்ளை பார்க்கும் கணக்கு தனியே போடக்கூடியதா என்பதை மணிக்கணக்கு சொல்லாது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடுகட்ட வந்தது. என்றாலும், மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளோடு உட்காரலாம் என்று அரசே ஏற்பாடு செய்ததில் ஒரு ஒப்புதல் அடங்கியிருக்கிறது: வீட்டில் சொல்லித்தர ஆள் இருப்பார் என்று நம்பிப் பள்ளி நடத்த முடியாது.

அப்படியானால் பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்று சிகாகோ வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 587 பேரின் குடும்பங்களில் நடந்த ஆய்வு சொல்கிறது. அதுவும் 2015இல் வெளியானது. கணக்கு கலந்த சிறு கதைகளைப் பெற்றோரும் பிள்ளையும் கைக்கணினியில் சேர்ந்து படித்துப் பேசினார்கள். கணக்கைக் கண்டு பதறும் பெற்றோரின் பிள்ளைகளே அதனால் அதிகம் பயன்பெற்றார்கள். பெற்றோர் அருகில் இருப்பது தீங்கல்ல. பேசுவதற்கு வேண்டியது இருவர் கையிலும் இருந்ததா என்பதே வேறுபாடு. அதையே வீட்டுப்பாடத்துக்கும் விதியாக்கலாம். வகுப்பில் பிள்ளை ஒரு முறையாவது தானே போட்டுப் பார்த்த வகைக் கணக்குதான் வீட்டுக்கு வர வேண்டும். தாளின் தலைப்பில் மூன்று வரி போதும்: இந்த வாரம் எதைக் கற்கிறோம், ஒரு கணக்கைப் போட்டுக்காட்டிய மாதிரி, வேறு வழியில் வந்த சரியான விடையையும் ஏற்போம் என்ற உறுதி. புதிர்க் கணக்குகளும் பிழை கண்டறியும் கணக்குகளும் வகுப்பிலேயே நடக்கட்டும். அங்கேதான் அவை விவாதமாகி விளங்கும்.

ஆசிரியருக்கு இது கூடுதல் வேலை என்ற மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் நம்மிடம் இருக்கின்றன. அதனால்தான் அந்த மூன்று வரிகளை எழுதும் பொறுப்பைப் பாடநூலைத் தயாரிப்பவர்கள் ஏற்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் பயிற்சிப் பக்கத்திலும் பெற்றோர் வாசிக்கும்படி தமிழில் ஒருமுறை அச்சிட்டால் மாநிலம் முழுவதற்கும் ஆயிற்று. போட முடியாத கணக்கைப் பிள்ளை வெறுமையாகவே கொண்டுவரலாம், அதற்குத் தண்டனை இல்லை என்பதையும் அங்கேயே அச்சிட வேண்டும். தந்தை போட்டுத் தந்து பிள்ளை படியெடுத்த விடையிலிருந்து ஆசிரியருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எந்த வரிவரை வந்து பிள்ளை நின்றது என்று காட்டும் நோட்டு இருந்தால், மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.